பாடி கட்டும் முன் எடை மேடைக்கு ஒரு நடை போய் வாருங்கள்

கேள்வி: குழாய் பதிப்பது, மோட்டார் இறக்கி ஏற்றுவது என் தொழில். பழைய பிக்கப்பைக் கொடுத்துவிட்டு, கேபினும் சேசிஸும் (சக்கரங்கள் மேல் நிற்கும் சட்டம்) மட்டும் உள்ள புது வண்டி வாங்கியிருக்கிறேன். பின்னால் இரட்டைச் சக்கரம், மொத்த எடை வரம்பு 4,500 கிலோ, வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் (சக்கர அச்சு) பின் ஆக்சிலுக்கும் இடைத்தூரம், 3,600 மி.மீ. கேபின் முதுகிலிருந்து பின் ஆக்சில் மையம் வரை 1,520 மி.மீ. கருவிகள் எப்போதும் வண்டியில்தான் இருக்கும். வாரத்தில் பல நாள் 6 மீட்டர் குழாய் ஏற்றுவேன். மாதம் இரண்டு முறை ஜல்லி அல்லது மணல். அவ்வப்போது 1,500 கிலோ டிரெய்லரும் இழுப்பேன். திறந்த தட்டையான பாடியா, பக்கமெல்லாம் பெட்டி வைத்த சர்வீஸ் பாடியா, டிப்பரா? இரும்பா, அலுமினியமா? 'கட்டுவதுதான் கட்டுகிறாய், 11 அடி கட்டிவிடு' என்கிறார் நண்பர். பழைய வண்டியின் தொட்டியையே கழற்றிப் பொருத்த முடியுமா என்றும் ஒரு யோசனை. கருவிகள் இரண்டு முறை திருடுபோயிருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

வணக்கம். அளவுகளோடு எழுதியதற்கு முதலில் நன்றி. பாடி கட்ட வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு படத்தைக் காட்டி 'இதே மாதிரி வேண்டும்' என்பார்கள். நீங்கள் ஆக்சில் தூரத்தைச் சொல்லித் தொடங்கியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

எளிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பழைய தொட்டி வேண்டாம். சாதாரண பிக்கப்பின் சேசிஸ் சட்டம் அந்தத் தொட்டிக்கென்றே வளைத்துச் செய்தது. உங்கள் புது வண்டியில் கேபினுக்குப் பின்னால் இரண்டு சட்டங்களும் மேல்பக்கம் சமமாக, நேராக ஓடும். சட்டங்களுக்கு இடையிலான அகலம் வேறு, போல்ட் இடங்கள் வேறு, டீசல் டேங்கின் வாய் வரும் இடமும் வேறு. போதாததற்கு, ஒற்றைச் சக்கரத்துக்கு வைத்த வளைவுக்குள் இரட்டைச் சக்கரம் நிற்காது. வெட்டி ஒட்டிப் பொருத்துகிற செலவில் புதிதாகவே கட்டிவிடலாம். தொட்டியைப் பழைய வண்டியோடு சேர்த்து விற்றுவிடுங்கள், விலையும் கூடுதலாகக் கிடைக்கும்.

இனி பாடிக்கு வருவோம். எந்த வகை, எந்த உலோகம் என்று பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டேங்கை நிரப்பிக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள். முழு வண்டியையும் ஒரு முறை எடை போடுங்கள். பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு முறை போடுங்கள். கழித்தால் பின் ஆக்சிலின் எடை வந்துவிடும். விற்பனைத் தாளில் போட்டிருக்கும் எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் சேர்த்து வாங்கிய கூடுதல் பொருட்கள் அந்தத் தாளில் இருக்காது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பட்டியில் மொத்த எடை வரம்பு, முன் ஆக்சில் வரம்பு, பின் ஆக்சில் வரம்பு என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்துகொண்டே பின் ஆக்சில் வரம்பைத் தாண்டிவிட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு ஓட்டிப் பார்க்க, காலி சேசிஸ் 2,450 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,500-இல் மிச்சம் 2,050. நீங்களும் உதவியாளும் 160. கருவிகள் 350. டிரெய்லரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்காரும், அது 150. குழாய் ஒரு 200. இவ்வளவும் போக 1,190 கிலோ இருக்கிறது. பாடியின் சொந்த எடையும் அன்றைக்கு ஏற்றும் சரக்கும் இதற்குள் அடங்க வேண்டும். பாடி எடை முழுக்கச் சரக்கிலிருந்து கழிகிறது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த அளவு வண்டிக்கு அலுமினியத் தட்டுப் பாடி தோராயமாக 250 கிலோ வரும். அதையே இரும்பில் கட்டினால் 450. இரும்பு சர்வீஸ் பாடி 700 வரை போகும். ஹைட்ராலிக் தூக்கியோடு சேர்ந்த டிப்பர் 750. கட்டுகிறவருக்கு ஏற்ப இது கூடும், குறையும். ஆனாலும் சர்வீஸ் பாடி போட்டால் உங்களுக்கு 500 கிலோதான் மிஞ்சும். தட்டுப் பாடியில் 900-க்கு மேல். ஒரு மோட்டாரும் ஒரு சுருள் கேபிளும் கூடுதலாக ஏற்றும் நாளில் இந்த 400 கிலோவின் அருமை தெரியும்.

டிப்பர் வேண்டாம் என்றே சொல்வேன். மாதம் இரண்டு நடை ஜல்லிக்காகத் தூக்கியின் எடையை மாதம் முழுக்கச் சுமக்க வேண்டும், அது ஒரு காரணம். இன்னொன்று ஆபத்தானது. 2.7 மீட்டர் நீளம், 1.9 மீட்டர் அகலம், 40 செ.மீ. உயரத்தில் ஒரு டிப்பர் தொட்டி இருந்தால் அதன் கொள்ளளவு 2 கன மீட்டர். ஜல்லி ஒரு கன மீட்டரே சுமார் 1,500 கிலோ. விளிம்பு வரை நிரப்பினால் 3 டன். உங்கள் வண்டி தாங்குவதோ, டிப்பர் எடையும் கருவிகளும் ஆட்களும் போக, 800 கிலோவுக்கும் கீழே. அரைத் தொட்டிகூட ஏற்ற முடியாது. ஆனால் ஏற்றிவிடுபவருக்குப் பாதி காலியாக நிற்கும் தொட்டியைக் கண்டால் கை நிற்காது, 'இன்னும் ஒரு கூடை' என்பார். உங்களிடம் டிரெய்லர் இருக்கிறதே, ஜல்லியை அதில் கொண்டுபோங்கள். டிரெய்லரைச் சாய்க்கும்படி மாற்றிக்கொள்வது வண்டியில் டிப்பர் வைப்பதைவிட மலிவு.

நண்பர் சொன்ன 11 அடியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அதுதான்.

9 அடி, அதாவது 2.75 மீட்டர் பாடியைக் கேபினிலிருந்து 8 செ.மீ. இடைவெளி விட்டு வைத்தால், அதன் நடுப்புள்ளி பின் ஆக்சிலுக்கு 6.5 செ.மீ. முன்னால் விழுகிறது. சமமாகப் பரப்பிய சரக்கின் எடை ஆக்சிலின் மேலேயே, கொஞ்சம் முன் தள்ளி உட்காரும். சரி. அதே இடத்திலிருந்து 11 அடி, 3.35 மீட்டர் வைத்தால் நடுப்புள்ளி ஆக்சிலுக்கு 23.5 செ.மீ. பின்னால் போய்விடும். அப்புறம் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். சரக்கு 1,200 கிலோ என்றால் 1,200-ஐ 235-ஆல் பெருக்கி வீல்பேஸ் 3,600-ஆல் வகுங்கள், 78 கிலோ வரும். முன் ஆக்சிலில் அவ்வளவு குறையும். பின் ஆக்சிலில் 1,200-க்குப் பதிலாக 1,278 ஏறும்.

78 கிலோதானே என்று தோன்றலாம். அது சரக்கைச் சமமாகப் பரப்பினால். நடைமுறையில் கனமான பொருளை யாரும் கேபின் வரை தள்ளிக்கொண்டு போவதில்லை. ஏற்றிய இடத்திலேயே, வால் ஓரத்தில் விட்டுவிடுவோம். 500 கிலோ மோட்டாரும் ஸ்டாண்டும் ஆக்சிலுக்கு 1.7 மீட்டர் பின்னால் நின்றால் முன்சக்கரம் 236 கிலோவை இழக்கும். டிரெய்லரையும் மாட்டினீர்கள் என்றால், கொக்கி ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கும்போதே அந்த 150 கிலோ இன்னொரு 50 கிலோவைக் குறைக்கும். பாடி நீள நீளக் கொக்கியும் பின்னால் தள்ளிப் போகும், அது இன்னும் மோசம். திருப்புவதற்கு முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். எடை குறைந்தால் ஈரச் சாலையில் ஸ்டீயரிங் பிடி விட்டுப்போகும், முன் பிரேக்கும் தன் பங்கைச் செய்யாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் இப்படித்தான் நீளம் கேட்டு அழுத்தினார். நானும் தலையாட்டிக் கட்டிக் கொடுத்தேன். மழைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம் அவர் திரும்பி வந்தார். வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போயிருக்கிறது. எதிரே யாரும் வராததால் தப்பினார். அந்தப் பாடியில் 60 செ.மீ. வெட்டி எடுத்தேன், அதற்குக் காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து நீளத்தில் மட்டும் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதில்லை. கேபினுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் 84 அங்குலமாக இருக்கும் சேசிஸில் 11 அடி தாராளமாகக் கட்டலாம். உங்களுடையது 60 அங்குலம். அதற்கு 9 அடிதான் பாடி. நண்பருக்கும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

'அப்படியானால் 6 மீட்டர் குழாய்?' என்பீர்கள். அதற்குப் பாடி நீளம் தேவையில்லை, மேலே ஒரு தாங்கி போதும். உங்கள் வண்டியில் முன் பம்பரிலிருந்து 9 அடிப் பாடியின் வால் வரை அளந்தால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும். கேபினுக்கு மேலாக நீளும் தாங்கியில் குழாய் வைத்தால் முன்னும் பின்னும் பெரிதாக நீட்டாது. குழாயின் எடை மையமும் கேபின் முதுகுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் அந்த 200 கிலோவில் கிட்டத்தட்ட 80 கிலோ முன் ஆக்சிலுக்குப் போகும். டிரெய்லர் குறைத்ததை இது ஈடுகட்டிவிடும். உயரத்தில் இருக்கும் எடை என்பதால் அளவோடு ஏற்றுங்கள். கனமான இரும்புக் குழாயாக இருந்தால் மேலே பாதி, தட்டில் பாதி என்று பிரியுங்கள், தட்டில் வைப்பதை வெட்டித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். தாங்கியின் கால்கள் முழுக்கப் பாடியில் நிற்க வேண்டும். ஒரு கால் பாடியிலும் ஒரு கால் கேபின் கூரையிலும் வைத்தால் மேடுபள்ளத்தில் இரண்டும் வெவ்வேறு பக்கம் அசையும், கூரை கிழியும். கூரைக்கும் தாங்கிக்கும் நடுவே நாலு விரலாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் குழாய் தொய்ந்து ஆடும், ஆகவே இரண்டு குறுக்குக் கம்பி மட்டும் போதாது, நீளவாக்கில் ஒரு தட்டு வேண்டும். நீளம், உயரம், பின்னால் நீட்டும் அளவு எல்லாவற்றுக்கும் நாட்டுக்கு நாடு சட்ட வரம்பு உண்டு. கட்டும் முன் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

திருட்டுக்கு சர்வீஸ் பாடிதான் வழி என்று நினைத்திருப்பீர்கள். அதில் பூட்டுகிற பெட்டிகள் இரு பக்கமும் வரிசையாக இருக்கும், தரையில் நின்றபடியே கருவி எடுக்கலாம். மின் வேலைக்காரர்களுக்கு அது அருமையான பாடி. மோட்டாரும் குழாயும் ஏற்றுகிறவருக்கு நடுவில் மிஞ்சும் இடம் குறுகல், பக்கவாட்டிலிருந்து ஏற்றவும் முடியாது. நான் கட்டுவதாக இருந்தால் இப்படிக் கட்டுவேன்: பக்கப் பலகைகள் மூன்று புறமும் மடங்கி இறங்கும் தட்டுப் பாடி. தட்டுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் இரு பக்கமும் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி. கேபின் முதுகை ஒட்டித் தட்டின் மேலே அகலவாக்கில் ஒரு உயரப் பெட்டி. உங்கள் 350 கிலோ கருவிகளும் இந்த மூன்றில் அடங்கிவிடும், மூன்றுமே ஆக்சிலுக்கு முன்னால் இருப்பதால் எடையும் சரியான இடத்தில் உட்காரும். பின்சக்கரத்துக்குப் பின்னால் பெட்டி வைக்கலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். கயிறு, தார்ப்பாய் போன்ற லேசான சாமான்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு வெளியே தொங்கும் பூட்டு வேண்டாம், கதவுக்குள்ளேயே அமைந்த பூட்டு போடுங்கள். கீலின் ஊசி வெளியே தெரியக் கூடாது. திருடர்கள் பூட்டைத் தொடுவதில்லை, கீலைத்தான் தட்டி எடுக்கிறார்கள்.

இரும்பா அலுமினியமா என்பதில் எனக்கு ஒரே பக்கம் சாய முடியவில்லை. உங்கள் தட்டு ஏறத்தாழ 5.4 சதுர மீட்டர். 3 மி.மீ. இரும்புத் தகடு போட்டால் தகடு மட்டுமே 126 கிலோ. 4 மி.மீ. அலுமினியம் 58 கிலோ. வித்தியாசம் ஒரு ஆளின் எடை. அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் இரும்பைவிட மூன்று மடங்கு எளிதாக வளையும், வெல்டிங் பட்ட இடத்தைச் சுற்றி வலுவும் இழக்கும். விரிசல் விட்டால் எல்லாப் பட்டறையிலும் ஒட்டத் தெரியாது. மோட்டாரைத் தொப்பென்று வைக்கிற தொழிலில் பாடியின் அடிச்சட்டம் இரும்பாக இருப்பதுதான் நல்லது. ஆகவே அடிச்சட்டமும் குறுக்குச் சட்டங்களும் துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்பு; தட்டும் பக்கப் பலகைகளும் பெட்டிகளும் அலுமினியம். எல்லாம் சேர்ந்து 350 கிலோவுக்குள் முடித்துத் தரும்படி கேளுங்கள். இரண்டு உலோகமும் நேரடியாக உரசும் இடத்தில் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். நடுவே ரப்பர் பட்டையோ பிளாஸ்டிக் பட்டையோ கட்டாயம் வேண்டும், போல்ட்டுக்குக் கீழே வைக்கும் வாஷருக்கும் இது பொருந்தும்.

பாடி நன்றாக அமைந்தும் பொருத்துவதில் கெட்டுப்போவது உண்டு. இதை உங்கள் பட்டறைக்காரரிடம் வாசித்தே காட்டலாம். சேசிஸ் சட்டத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடக் கூடாது, அதிகமாக இழுபடுவதும் அழுந்துவதும் அந்த இரண்டு விளிம்புகள்தான். போன வருடம் ஒரு வண்டி வந்தது. வேறொரு பட்டறையில் கேபினுக்குப் பின்னால் மேல் விளிம்பில் ஒரு தாங்கியை வெல்டிங் வைத்திருந்தார்கள். வெல்டிங் முடிந்த ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பி, சட்டத்தின் பாதி உயரம் இறங்கியிருந்தது. ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியவில்லை, கதவு சரியாகச் சாத்தவில்லை என்றுதான் கொண்டுவந்தார்.

வண்டி நிறுவனம் பாடி கட்டுபவர்களுக்கென்று ஒரு கையேடு வைத்திருக்கும். எங்கே போல்ட் போடலாம், எங்கே தொடக் கூடாது என்று அதில் படத்தோடு இருக்கும். அதை வாங்கிக் கொடுங்கள். சேசிஸ் சட்டம் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பாடியை முன்னும் பின்னும் இறுக்கிப் பூட்டினால் முறுக்க இடமில்லாமல் ஏதாவது ஒன்று உடையும். பின்பக்கம் தகடு வைத்து உறுதியாகவும், முன்பக்கம் கொஞ்சம் அசைய விடும்படியும் பிடிப்பது நல்ல முறை. பாடிச் சட்டத்துக்கும் சேசிஸுக்கும் நடுவே ரப்பர் அல்லது உறுதியான மரப்பட்டை. பாடிச் சட்டத்தின் முன்முனையைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாகச் சீவ வேண்டும், இல்லையென்றால் எடை முழுக்க ஒரே கோட்டில் அழுத்தி அங்கேயே சட்டம் விரிசல் விடும். யூ போல்ட் போட்டால் சட்டத்தின் உள்ளே ஒரு முட்டு வைக்கச் சொல்லுங்கள், இறுக்கும்போது விளிம்பு மடங்காமல் அது தாங்கும். சைலன்சர் பக்கத்தில் அந்த முட்டு மரமாக இருக்கக் கூடாது. புகை வடிகட்டி தேங்கிய கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அங்கே சூடு பயங்கரமாக ஏறும். மரம், வயர், ஹைட்ராலிக் குழாய் எதுவும் கிட்டே போகக் கூடாது. பாடியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், வண்டியின் கணினிப் பெட்டி போய்விட்டால் பெரிய செலவு.

டீசல் ஊற்றும் வாயையும் மறக்க வேண்டாம். இது சின்ன விஷயம்தான், தினமும் உயிரை வாங்கும். டேங்கிலிருந்து வாய் வரை குழாய் தொடர்ந்து மேல்நோக்கியே ஏற வேண்டும். நடுவில் தொய்ந்தால் பெட்ரோல் பங்கில் ஒவ்வொரு லிட்டருக்கும் டீசல் ஊற்றும் துப்பாக்கி நின்று நின்று போகும். ஸ்டெப்னியைப் பெட்டி எதையும் கழற்றாமல் இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

கேபினுக்குப் பின்னால் ஒரு முன் தடுப்பு வேண்டும், கண்ணாடி வழியே பின்னால் பார்க்கும்படி கம்பி வலையோடு. திடீர் பிரேக்கில் சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னே தள்ளும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதம் என்பது பல நாட்டு விதிகளில் உள்ள கணக்கு. 500 கிலோ மோட்டார் என்றால் 400 கிலோ முன்னே வருகிறது. தடுப்பை மட்டும் நம்பாமல் தட்டின் ஓரம் முழுக்கக் கட்டுவளையங்கள் வைக்கச் சொல்லுங்கள். வளையத்தைத் தகட்டில் பிடிக்காமல் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். தட்டின் அகலம் பின் டயர்களின் வெளிவிளிம்பை மூடினால் போதும், அதற்கு மேல் போனால் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டாக வேண்டும். தட்டுப் பாடி டயருக்கு மேலே உட்காருவதால் பழைய தொட்டியைவிட உயரம் கூடுதல். தினமும் மோட்டாரைத் தூக்கி வைப்பது இடுப்புக்குக் கேடு. மிஞ்சும் எடையில் ஒரு 60 கிலோவை ஒதுக்கி, தட்டின் மூலையில் சின்னக் கை கிரேன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான கால் பொருந்தும் இடத்தைப் பாடி கட்டும்போதே அடிச்சட்டத்தில் பலப்படுத்திவிட வேண்டும், பிறகு சேர்த்தால் தட்டு கிழியும்.

பட்டறையில் ஒப்பந்தம் பேசும்போது பாடியின் எடையைக் கிலோவில் எழுதி வாங்குங்கள், கடைசித் தவணையை எடை மேடைச் சீட்டு வந்த பிறகு கொடுப்பதாகச் சொல்லுங்கள். நேர்மையாகக் கட்டுகிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார். வண்டி கைக்கு வந்து முதல் வாரம் சரக்கோடு ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும், மரப்பட்டை அழுந்தி இடம் விட்டிருக்கும். கருவிகள், குழாய், ஆட்கள், டிரெய்லர் எல்லாம் சேர்த்து ஒரு முழு வேலைநாள் போல ஏற்றிக்கொண்டு மேடைக்குப் போய், முன் ஆக்சில், பின் ஆக்சில், மொத்தம் மூன்றும் எவ்வளவு வந்தன என்று எழுதுங்கள். பெட்டிகளை எப்படிப் பிரித்து அடுக்குவது என்பதை அந்த எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.